பெருங்கடைகளின் பசுமை வாக்குறுதிகள்: யாழ்ப்பாணத்து நுகர்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் நுகர்வோர் ஒன்றுகூடல்களிலும் சங்கக்கடைப் பொதுக்கூட்டங்களிலும் பல தடவை கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நான் சொல்லிவந்த பதில்களைச் சரிபார்த்து, கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன். உலகெங்கும் கிளை பரப்பிய பெருங்கடைகள் சூழலைப் பற்றிச் சொல்லும் வார்த்தைகளில் எதை நம்புவது, எதைத் திருப்பிக் கேட்பது என்பதைச் சுற்றியே அந்தக் கேள்விகள் யாவும் வருகின்றன. நிலைபேறு என்ற சொல்லை இங்கே, மண்ணும் நீரும் கடலும் அடுத்த தலைமுறைக்கும் மிஞ்சும்படியும், பொருளைச் செய்தவரின் வயிறு காயாதபடியும் வணிகம் நடத்துவது என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் மரக்கறி வாங்கும் எங்களுக்கு இந்த விடயம் எதற்கு?

கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். குழுமம் நடத்தும் வானவில், விடியல் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் தைக்கும் உடுப்பு வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிறது. நம் களக்கடலிலும் பாக்கு நீரிணையிலும் பிடிபடும் நண்டின் சதை பதப்படுத்தப்பட்டு அமெரிக்காவுக்குப் போகிறது. எந்த அளவுக்குக் குறைந்த நண்டை வாங்கக்கூடாது, சாயம் தோய்த்த நீரை எப்படிச் சுத்திகரித்து வெளியே விடவேண்டும் என்று ஒரு வெளிநாட்டுக் கொள்வனவாளர் விதிக்கும் நிபந்தனை, நாளை நம் கடலில் என்ன மிஞ்சும், நம் பிள்ளைகள் எந்தக் காற்றைச் சுவாசித்து வேலைசெய்வார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் என்ற பிரித்தானியப் பெருங்கடை 2007 ஜனவரியில் ஐந்து ஆண்டுகளுக்கான 100 நிலைபேற்று வாக்குறுதிகளை அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டே கேகாலை மாவட்டத்துத் துல்ஹிரியவில், மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகச் செலவிடும்படி வடிவமைக்கப்பட்ட ஒரு தொழிற்சாலையை அந்நிறுவனத்துக்காக எம்.ஏ.எஸ். திறந்தது. எங்கோ எடுத்த முடிவு இங்கே கூரையாகவும் யன்னலாகவும் மாறியதற்கு இது நல்ல உதாரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்பத்திரி வீதியில் 2013இல் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்ட பின்னர் யாழ் நகரத்தவர்கள் சுப்பர் மார்க்கெட் முறைக்கு நன்றாகப் பழகிவிட்டார்கள். பொருளை அடுக்குவது முதல் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது வரை உள்நாட்டுக் கடைகள் கையாளும் முறைகள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பெருங்கடைகளில் பிறந்தவை. அவற்றின் நல்லதும் கெட்டதும் கொஞ்சம் பிந்தி நமக்கும் வந்து சேரும்.

ஒரு கடை சூழலுக்கு உண்டாக்கும் பாதிப்பில் பெரும் பங்கு எங்கே இருக்கிறது?

கணக்கெடுப்பவர்கள் பச்சைவீட்டு வாயுக்களை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறார்கள். கடை தானே எரிக்கும் எரிபொருளும் அதன் குளிரூட்டிகளில் இருந்து கசியும் வாயுவும் முதலாவது வட்டம். வாங்கும் மின்சாரம் இரண்டாவது. தட்டில் இருக்கும் பொருள்களை விளைவிக்கவும் செய்யவும் ஏற்றி இறக்கவும், வாங்கியவர் அவற்றைப் பாவித்து எறியவும் உண்டாகும் எல்லாமே மூன்றாவது. சில்லறைக் கடைகளைப் பொறுத்தவரை மூன்றாவது வட்டமே மிகப் பெரியது. ஆகவே ஒரு நிறுவனம் தன் கூரையில் சூரியத் தகடு பூட்டியதைப் பெரிதாக விளம்பரம் செய்தால், அது நல்ல காரியம் என்று ஒத்துக்கொண்டே, அது விற்கும் இறைச்சியும் பருத்தியும் பாம் எண்ணெயும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கவேண்டும்.

முதல் இரண்டு வட்டங்களிலும் வாசகர்கள் நேரே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. பல பழைய குளிர்ப்பெட்டிகளில் பாவிக்கப்பட்ட ஆர்404ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், அது ஏறத்தாழ 3,900 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். கதவில்லாத குளிர்ப்பெட்டியின் முன்னால் நின்றால் குளிர் காற்று காலடியில் வழிவதை உணரலாம். சித்திரை வெயிலில் அது சுகமாக இருக்கும், ஆனால் அதற்கு உரிய மின்சாரம் வாளிவாளியாக ஊற்றப்படுகிறது. கண்ணாடிக் கதவு பூட்டுவது சின்ன வேலை. இந்த நாட்டு வெக்கைக்கு அதை முதலில் செய்திருக்கவேண்டும் என்பது என் திடமான எண்ணம்.

அப்படியானால் எல்லாரும் சொப்பின் பையைப் பற்றியே ஏன் பேசுகிறார்கள்?

பை கைக்குத் தெரிகிறது, பாம் எண்ணெய் தெரிவதில்லை. அதற்காகப் பையை அற்பம் என்று தள்ளிவிடவும் கூடாது. நம் வாய்க்காலை அடைப்பதும், மாட்டின் வயிற்றுக்குள் போவதும், மண்டைதீவுக் கரையில் ஒதுங்குவதும் அதுதான். இங்கிலாந்தில் பெரிய கடைகள் 2014இல் மட்டும் 760 கோடி இலவசப் பைகளைக் கொடுத்தன. 2015 ஒக்டோபரில் பைக்கு ஐந்து பென்ஸ் கட்டாயக் கட்டணம் வந்தது. 2021இல் அது பத்து பென்ஸ் ஆனது. 2023இல் அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி அந்தப் பெரிய கடைகளில் இத்தகைய பைகளின் பாவனை 98 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அந்தக் கடைகள் பல காலம் சுவரொட்டி ஒட்டியும் அசையாத பழக்கத்தை ஒரு சின்ன நாணயம் அசைத்துவிட்டது. ஆனால் திரும்பத் திரும்பப் பாவிப்பதற்கென்று விற்ற தடித்த பைகளையும் பலர் ஒரே தடவை பாவித்து எறியத் தொடங்கினார்கள் என்ற முறைப்பாடு அங்கே பின்னர் எழுந்தது.

இலங்கையில் மீதொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்து உயிர்களைக் குடித்த பின்னர், அதே ஆண்டு செப்டெம்பரில் சோற்றுத் தாள் உள்ளிட்ட பல பொலித்தீன் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்டவேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விலை பற்றுச்சீட்டில் தனி வரியாக அச்சாவதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் வாங்கியவர் வீட்டில் இருந்தும் அதைப் பார்க்கிறார்.

துணிப்பை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

வாங்குவதால் தீராது, பாவித்தால் தீரும். பிரித்தானியச் சூழல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 தடவை பாவித்தால்தான், புவி வெப்பமாதல் கணக்கில், ஒரு தடவை பாவிக்கும் மெல்லிய பையை விட அது நல்லதாகும். கிழமைக்கு இரண்டு நாள் சந்தைக்குப் போகிறவருக்கு அது ஒன்றேகால் வருடம். அந்தக் காலத்தில் மீன் வாங்கக் கொண்டுபோன பனையோலை உமலுக்கு இந்தக் கணக்கே வேண்டியிருக்கவில்லை: நீர் இறைக்காத மரம், உரம் கேட்காத ஓலை, கிழிந்தால் அடுப்புக்குப் போகும். வெளிநாட்டுக் கடையின் பெயர் அச்சடித்த துணிப்பையை எட்டாவதாக வாங்குவதை விட, நம் பெண்கள் இழைக்கும் ஒரு பெட்டியை வாங்குவது மேல்.

“இயற்கையில் உக்கும் பை” என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கடையில் பச்சை இலைப் படம் போட்ட பையைத் தந்தார்கள். சூழலுக்கு உகந்தது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அதற்குள் பழைய பற்றுச்சீட்டுகளைப் போட்டு அலுமாரியின் மேல் வைத்தேன். அடுத்த வருடம் எடுத்தபோது பை கையோடு வரவில்லை. அப்பளம் நொருங்குவதுபோல நொருங்கி, வெள்ளைச் செதில்களாகப் பற்றுச்சீட்டுகளுக்கு இடையிலும் நிலத்திலும் சிதறியது. கூட்டி அள்ள அள்ள விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. அது உக்கவில்லை, பொடியாகியது. பிளாஸ்டிக்கோடு ஒரு சேர்மானத்தைக் கலந்து, வெயிலும் காற்றும் பட்டதும் துண்டு துண்டாக உடையச் செய்யும் இத்தகைய பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் சந்தையில் விடத் தடைசெய்தது, ஏனென்றால் உடைந்த துணிக்கை மண்ணிலும் நீரிலும் பிளாஸ்டிக்காகவே கிடக்கிறது.

உண்மையில் உக்கும் பை என்றால் எந்த நிலைமையில், எத்தனை நாளில், எந்தத் தரநியமத்தின்படி என்று எழுதியிருக்கவேண்டும். சில வகைகள் சூடான தொழிற்சாலைக் கூட்டெருக் கிடங்கில் மட்டுமே உக்கும். அவை வளவுக்குள் தாட்டால் அப்படியே கிடக்கும்.

வெளிநாட்டில் இருந்து வரும் உடுப்பில் தொங்கும் பச்சை அட்டையை எப்படி வாசிப்பது?

இலண்டனில் இருக்கும் மருமகள் அனுப்பிய ரீசேட் ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. வெளியே தொங்கும் பச்சை அட்டையில் “50 வீதம் மீள்சுழற்சி” என்று பெரிய எழுத்து. அதன் கீழே, மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், “பொலியெஸ்டரில்” என்று இருக்கிறது. உள்ளே தையலோடு இருக்கும் வெள்ளைத் துண்டு பருத்தி 60 வீதம், பொலியெஸ்டர் 40 வீதம் என்கிறது. நாற்பதில் பாதி இருபது. ஆகவே இந்த ரீசேட்டில் மீள்சுழற்சி ஆனது ஐந்தில் ஒரு பங்கு. அட்டையில் பொய் ஒன்றும் இல்லை, ஆனாலும் வாங்கியவள் பாதி என்றே நினைத்திருந்தாள். எப்போதும் வெளி அட்டையையும் உள் துண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. ஐரோப்பிய ஆணைக்குழு 2020இல் செய்த ஆய்வில், சூழல் பற்றிய விளம்பரக் கூற்றுகளில் 53 வீதமானவை தெளிவற்றவை, தவறாக வழிநடத்துபவை அல்லது அடிப்படை இல்லாதவை என்றும், 40 வீதமானவற்றுக்கு ஆதாரமே இல்லை என்றும் தெரிந்தது. நெதர்லாந்தின் நுகர்வோர் அதிகாரம் 2022இல் தலையிட்ட பின்னர், எச் அன்ட் எம், டெக்கத்லோன் ஆகிய இரண்டு பெருங்கடைகளும் தமது கூற்றுகளைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டு, முறையே 5 இலட்சம், 4 இலட்சம் யூரோவை நிலைபேற்றுப் பணிகளுக்குக் கொடுத்தன. பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தை அதிகாரம் 2021இல் பசுமைக் கூற்றுகளுக்கான விதிக்கோவை ஒன்றை வெளியிட்டது. 2024 மார்ச்சில் ஏசோஸ், பூஹூ, ஜோர்ஜ் அற் அஸ்டா என்ற மூன்று உடுப்பு விற்பனையாளர்கள், தெளிவற்ற பசுமைச் சொற்களைத் தவிர்ப்பதாக அதனிடம் எழுத்தில் உறுதியளித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய பணிப்புரை, ஆதாரம் இல்லாமல் “சூழலுக்கு உகந்தது” என்று எழுதுவதையும், எங்கோ மரம் நட்டு ஈடுசெய்ததைக் காட்டி ஒரு பொருளைக் காபன் அற்றது என்று விற்பதையும் தடுக்கிறது. அதன் நடைமுறைத் திகதி 2026 செப்டெம்பர் 27.

ஒவ்வொரு பொருளிலும் அதன் காபன் அளவை எழுதிவிட்டால் எல்லாருக்கும் புரியாதா?

ரெஸ்கோ என்ற பிரித்தானியப் பெருங்கடை அதை முயன்றது. தான் விற்கும் ஏறத்தாழ 70,000 பொருள்களுக்கும் காபன் குறி இடுவதாக 2007இல் அறிவித்தது. ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்கப் பல மாத உழைப்புத் தேவைப்பட்டது, மற்றக் கடைகள் பின்தொடரவில்லை, 2012இல் கைவிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் ஒரு பொதியில் காபன் 240 கிராம் என்று எழுதியிருந்தால், அது கூடவா குறைவா என்று வாங்குபவர் எதை வைத்துச் சொல்வார்? ஒப்பிட எல்லாக் கடையிலும் அதே அளவுகோல் வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனி அளவுக்கு நிறக்குறி வந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. எல்லா நிறுவனத்துக்கும் ஒரே விதி, ஒரே நிறம். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சியும் சிவப்பைக் கண்டு பேரனைக் கேட்பார். சூழல் தகவலும் இப்படி ஒரு பொது விதியாக வரும்வரை, ஒவ்வொரு நிறுவனமும் தானே கண்டுபிடித்த இலைக்கும் பூமிப் படத்துக்கும் நான் பெறுமதி கொடுப்பதில்லை.

வாக்குறுதி நிறைவேறாவிட்டால் இந்நிறுவனங்கள் அதை ஒத்துக்கொள்கின்றனவா?

சில ஒத்துக்கொள்கின்றன, அது மதிக்கத்தக்கது. அமெரிக்கப் பெருங்கடையான வோல்மார்ட் தனது வழங்குநர்களோடு சேர்ந்து 2030க்குள் 100 கோடி மெற்றிக் தொன் பச்சைவீட்டு வாயுவைத் தவிர்ப்பதாக 2017இல் அறிவித்து, 2024இல் அந்த இலக்கை அடைந்துவிட்டதாகச் சொன்னது. அதே 2024இன் கடைசியில், தனது சொந்தக் கடைகளுக்கும் வாகனங்களுக்கும் 2025க்கும் 2030க்கும் வைத்த இலக்குகள் தவறக்கூடும் என்றும் சொன்னது. வழங்குநர்கள் தாமே அறிவித்த கணக்கில் இலக்குத் தாண்டியதும், கடையின் சொந்தக் கணக்கில் இலக்குத் தவறுவதும் ஒரே ஆண்டில் வந்த செய்திகள். இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

அவுஸ்திரேலியாவில் நடந்தது வேறு விதம். கோல்ஸ், வூல்வேர்த்ஸ் கடைகளில் மக்கள் மென் பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அதைச் சேகரித்த ரெட்சைக்கிள் திட்டம் 2022 நவம்பரில் திடீரென நிறுத்தப்பட்டது. 11,000 தொன்னுக்கு மேல் களஞ்சியங்களில் குவிந்து கிடந்தது பின்னர் தெரியவந்தது. அந்தப் பிளாஸ்டிக்கை விட, கழுவிக் காயவைத்த மக்களின் நம்பிக்கையை மீட்பது கடினம். பெட்டி நிரம்பி வழியத் தொடங்கிய அன்றே வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தால் அவ்வளவு கசப்பு வந்திராது.

பழைய உடுப்பைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் அது எங்கே போகிறது?

எச் அன்ட் எம் 2013 முதல் தன் கடைகளில் பழைய உடுப்பைச் சேகரிக்கிறது. பலரும் இதைச் செய்கிறார்கள். உடுக்கக்கூடியவை பெரும்பாலும் பழைய உடுப்புச் சந்தைகளுக்கு, ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கப்பலேறுகின்றன; கிழிந்தவை துடைக்கும் துணியாகவோ பஞ்சாகவோ மாறும். பழைய நூலைப் புதிய நூலாக்குவது இன்னும் மிகச் சிறிய அளவிலேயே நடக்கிறது. திருப்பிக் கொடுத்ததற்குப் புதிய உடுப்பு வாங்க விலைக்கழிவுச் சீட்டுத் தந்தால், அதில் வியாபாரமும் கலந்திருக்கிறது.

உணவு வீணாவதைப் பற்றிப் பெருங்கடைகள் என்ன செய்கின்றன?

பிரான்சில் 2016 முதல், 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் உண்ணக்கூடிய மீதி உணவை வேண்டுமென்று பழுதாக்க முடியாது. தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்து கொடுக்கவேண்டும். பிரித்தானியாவில் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் 2022 ஜூலையில் 300க்கு மேற்பட்ட பழம், மரக்கறி வகைகளில் “இந்தத் திகதிவரை தரம் சிறந்தது” என்ற குறிப்பை எடுத்துவிட்டது. வீட்டில் கண்ணாலும் மூக்காலும் பார்த்து முடிவெடுக்கச் சொன்னது. இங்கே ஒரு எச்சரிக்கை: இது பாதுகாப்புக்கான காலாவதித் திகதியைப் பற்றியது அல்ல. மீன், இறைச்சி, பால் பொதிகளில் உள்ள காலாவதித் திகதியை மீறக்கூடாது. இரண்டு திகதிகளின் வேறுபாட்டையும் தட்டுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு பலகையில் எழுதி வைத்தாலே நம் வீடுகளில் எவ்வளவோ உணவு மிஞ்சும். பின்னேரம் கோடிப்புறத்தில் கொட்டப்படும் நீர்வேலி வாழைப்பழத்தைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்த வீதியிலுள்ள முதியோர் இல்லம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

கடதாசியை மிச்சப்படுத்தப் பற்றுச்சீட்டைக் கைபேசிக்கு அனுப்புகிறோம் என்கிறார்களே?

பிரான்சில் 2023 ஓகஸ்ட் முதல், வாங்குபவர் கேட்டால் மட்டுமே பற்றுச்சீட்டு அச்சிடவேண்டும். கடதாசி மிச்சம் என்பது உண்மை. கூடவே உங்கள் இலக்கமும் வாங்கும் பழக்கமும் கடைக்குப் போகின்றன என்பதும் உண்மை. ரெஸ்கோ 1995இல் தொடங்கிய வாடிக்கையாளர் அட்டையின் பெறுமதியே அந்தத் தகவலில்தான் இருந்தது. இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சூழல் பேச்சில் தொழிலாளர் எங்கே?

பங்களாதேசில் 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தைக்கப்பட்ட உடுப்புகள் எந்தக் கடைக்குரியவை என்பதை இடிபாடுகளில் கிடைத்த பெயர்த்துண்டுகளைக் கொண்டுதான் பலரும் அறிந்தார்கள். அதன் பின்னரே பல நிறுவனங்கள் தமது தொழிற்சாலைகளின் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிடத் தொடங்கின. நம் கிளிநொச்சிப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்: பட்டியல் இல்லாத நிறுவனத்தின் பசுமை அறிக்கையை, எத்தனை வண்ணப்படம் இருந்தாலும், அரைகுறை என்றே கொள்ளுங்கள்.

தமிழில் தகவல் கிடைக்காவிட்டால் நாங்கள் என்ன செய்யலாம்?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒரு பையில் தமிழ் வரி அச்சாகியிருந்த விதத்தை மறக்கமுடியவில்லை: கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் கிடந்தது, “மீள்சுழற்சி” என்ற சொல்லின் நடுவே ஒரு வெற்றுப் பெட்டி. வாசிக்க முடியாத எழுத்தில் சொல்லப்பட்ட வாக்குறுதியை எவரும் சரிபார்க்க முடியாது. அதனால்தான் மொழியையும் நிலைபேற்றின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

முதலில் கிளை முகாமையாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “ஐயா, இந்தப் பையில் உக்கும் என்று இருக்கிறதே, எந்தத் தரநியமத்தின்படி?” அவருக்கு விடை தெரியாவிட்டால் அது அவர் குற்றம் அல்ல, தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டுச் சொல்லும்படி வேண்டுங்கள். 2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரத்தில் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் வாங்கிய பொருளைப் பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். பற்றுச்சீட்டின் மை வெயிலில் மங்கிவிடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் அதையும் பொதியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பையை எறியாமல் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.